கறவை மாட்டுக்குத் தீவனக் கரி: சுடுவதிலிருந்து தொட்டியில் போடுவது வரை

தீவனத்தில் பயோசார், அதாவது காற்றுக் குறைவாகச் சுட்ட கரி, சேர்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் பலர் செய்வது இதுதான்: கடையில் அடுப்புக்கரி ஒரு மூட்டை வாங்கி, இடித்து, தவிட்டில் இரண்டு கை அள்ளிப் போடுவது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தின்றாலும் ஒரு மாதத்தில் வேறொரு குழப்பம் வரும். கொடுத்த குடற்புழு மருந்து கேட்காது, அது ஏன் என்று யாருக்கும் புரியாது. இரண்டும் தவிர்க்கக்கூடிய சிக்கல்கள். ஒன்றிரண்டு கறவை மாடும் சில ஆடுகளும் வைத்திருப்பவர், தன் தோட்டத்துச் சிரட்டையிலும் விறகிலும் கரி சுட்டு, சோதித்து, சரியான அளவில் கொடுப்பதற்கான வழி இது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கரி எதையும் பிடித்துக்கொள்ளும் பொருள். குடலில் உள்ள நச்சைப் பிடிப்பது போலவே மருந்தையும் பிடிக்கும். கெட்டது எது, நல்லது எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு குணத்தைச் சமாளிப்பதற்காகத்தான்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கரியில் சத்து கிடையாது. அது புண்ணாக்குக்கும் பசுந்தீவனத்துக்கும் மாற்று ஆகாது. சாணம் இறுகுவது, தொழுவ நாற்றம் குறைவது, எரு தரமாவது ஆகியவைதான் பெரும்பாலும் கண்ணில் படும் பலன்கள். லாவோஸில் மரவள்ளிக் கிழங்குச் சீவல் தின்ற நாட்டு மாடுகளுக்குத் தீவனத்தில் 0.62% உமிக்கரி சேர்த்துப் பார்த்தார்கள். எடை கூடுவது ஏறக்குறைய கால் பங்கு உயர்ந்தது, மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் வாயுவும் குறைந்தது என்று 2012-ல் எழுதினார்கள். கனடாவில் கிடேரிகளுக்கு 2% வரை பைன் மரக்கரி கொடுத்த சோதனையில் மீத்தேன் குறையவே இல்லை; அது 2019-ல் வெளியானது. ஆக, தீவனம், மாடு, கரி மூன்றும் மாறினால் பலனும் மாறும். பால் கூடும் என்று யாராவது உறுதி சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள்.

1. முதலில் மருத்துவர், அடுத்து குறிப்பேடு

சொந்த மாட்டுக்குச் சொந்தக் கரி கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த முறை மாட்டுக்கு மருந்து எழுதும்போது மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காது வில்லையில் உள்ள 12 இலக்க எண், கடைசியாகக் குடற்புழு நீக்கிய தேதி, சினைத் தேதி, காலை மாலைப் பால் அளவு ஆகியவை அதில் இருக்கட்டும். சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர் என்றால் பால் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கொழுப்பும் இதரச் சத்தும் தினமும் அதில் அச்சாகி வருகின்றன. அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. கரி தொடங்குவதற்கு முன் குறைந்தது 2 வாரப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

மாட்டுக்குக் காப்பீடு இருந்தால் மருந்துச் சீட்டுகளையும் அதே நோட்டில் செருகி வையுங்கள். இயற்கை வேளாண் சான்று பெற்ற பண்ணை என்றால் கரியைத் தொடும் முன்பே சான்றளிப்புத் துறைக்கோ உங்கள் சான்றளிப்பு நிறுவனத்துக்கோ எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக ‘சரி, கொடுங்கள்’ என்று சொன்னது ஆய்வு நாளில் உதவாது.

2. எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது

முதல் தேர்வு தேங்காய்ச் சிரட்டை. சாம்பல் குறைவு, கரி கெட்டி, மண் ஒட்டியிருக்காது. நாரைச் சுத்தமாக உரித்துவிடுங்கள். நார் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

அடுத்தது சீமைக் கருவேலம், சவுக்கு, வேம்பு; அவற்றோடு முருங்கை தவிர்த்த மற்றத் தோட்டத்துக் கிளைகள். முருங்கை மெத்து மரம், அதன் கரி தூளாகிப் போகும். கிளை கட்டைவிரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கலாம். அதற்கு மேல் பருமனானவற்றைப் பிளந்துவிடுங்கள். பருத்த கட்டையில் வெளிப்புறம் கரியாகி உள்ளே பழுப்பாக நின்றுவிடும். அந்தக் குறைகொள்ளியில்தான் தார் இருக்கும். கருவேலத்தைச் சொந்தப் பட்டா நிலத்தில் வெட்டுங்கள். புறம்போக்கு, கண்மாய், ஓடைக்கரை மரத்தில் கை வைப்பதாக இருந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் கேளுங்கள்.

தீவனத்துக்கு ஆகாதவை: பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், கரையான் மருந்து பூசிய மரம், பழைய கதவு நிலை, பழப் பெட்டி, முந்திரிக் கொட்டை ஓடு, அரளி, புகையிலைத் தட்டை. பருத்தி மாரைச் சுடலாம், ஆனால் அந்தக் கரி நிலத்துக்கு மட்டும். பருவம் முழுக்க மருந்து குடித்த செடியை மாட்டு வயிற்றுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. உமிக்கரியில் ஏறக்குறைய பாதி சாம்பல், அதிலும் பெரும்பங்கு சிலிக்கா. வேறு வழியே இல்லாவிட்டால் பார்க்கலாம்.

பச்சை விறகு அடுக்கினால் வேலை கெட்டது. தை, மாசியில் வெட்டிப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, 6 முதல் 8 வாரம் வெயிலில் காய விடுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. சித்திரையில் சுட்டு முடித்தால் ஐப்பசி மழைக்குள் கரி உலர்ந்து மூட்டைக்குள் போய்விடும்.

3. கூம்புத் தொட்டி

மண்ணில் குழி தோண்டியும் சுடலாம். நிலத்துக்குப் போடும் கரிக்கு அது போதும். தீவனக் கரிக்கு வேண்டாம், மண்ணும் மணலும் ஒட்டிக்கொண்டு வரும். பாரம்பரியக் கரிமூட்டத்திலும் இதே சிக்கல், கூடவே குறைகொள்ளியும் அதிகம்.

வெல்டிங் பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: 2 மி.மீ. இரும்புத் தகட்டில், மேல்வாய் 1 மீட்டர் விட்டம், அடி 40 செ.மீ. விட்டம், உயரம் 60 செ.மீ., அடி மூடிய கூம்பு. பக்கச் சுவர் சரிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்று விளிம்பில் உருண்டு இறங்கி மேலே எழும் புகையை எரித்துவிடும். சுடர் ஒரு மூடி போல மேலே நிற்பதால் அடியில் உள்ள கரிக்குக் காற்று போகாது. அடியில் ஒரு அங்குலக் குழாயும் மூடியும் வைத்தால் தண்ணீரைக் கீழிருந்து ஏற்றலாம். இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இந்த அளவுக்குத் தகடு சுமார் 25 கிலோ வரும். பட்டறையில் எடைக்கு விலை கேளுங்கள். கூலியோடு கிலோ 120 ரூபாய் என்றால் 3,000 ரூபாய், அவ்வளவுதான் கணக்கு. தகரம் மலிவாகக் கிடைக்கிறது என்று துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யாதீர்கள். சூட்டில் அந்தப் பூச்சு புகையாகி உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும், கரியிலும் படியும்.

பணம் போட வேண்டாம் என்றால் மேல்பக்கம் வெட்டிய 200 லிட்டர் டிரம்மிலும் சுடலாம். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாக இருக்கட்டும். பூச்சிமருந்தோ ஆயிலோ கெமிக்கலோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தொடாதீர்கள். நல்ல டிரம்மையும் முதலில் ஒரு முறை விறகு போட்டு எரித்து, அந்தக் கரியை வயலில் கொட்டிவிட்டு அடுத்த தடவையிலிருந்து பயன்படுத்துங்கள்.

4. சுடும் நாள்

அதிகாலை காற்று அடங்கியிருக்கும் நேரம் நல்லது. வைக்கோல் போர், ஓலைக் கொட்டகை, மின்கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு ஆள், ஒரு நீளக் கம்பி, ஒரு மண்வெட்டி, குறைந்தது 200 லிட்டர் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். தண்ணீரைக் கடைசியில் தேடிக்கொண்டிருந்தால் கரி சாம்பலாகிவிடும். பருத்தி உடை, தோல் செருப்பு. நைலான் சேலை, லுங்கியோடு பக்கத்தில் நிற்காதீர்கள்.

தொட்டியின் அடியில் மெல்லிய சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழ உயரம் அடுக்கி, உச்சியில் நெருப்பு வையுங்கள். கீழே வைக்கக் கூடாது. உச்சியிலிருந்து கீழே இறங்கும் தீயில் புகை குறைவு. மண்ணெண்ணெய், டீசல், பிளாஸ்டிக் காகிதம் வேண்டாம். காய்ந்த தென்னம்பாளை ஒன்று போதும்.

சுள்ளி கங்காகி அடியில் பரவியதும் முதல் அடுக்கு விறகைப் பரப்புங்கள். அதன்பின் பார்க்க வேண்டியது ஒரே அடையாளம்தான்: மேல் அடுக்கின் கறுத்த முகத்தில் மெல்லிய வெள்ளைச் சாம்பல் பூத்தால் அடுத்த அடுக்கு போடும் நேரம். பூக்கும் முன் போட்டால் சுடர் அமுங்கிப் புகை கிளம்பும். அந்தப் புகை கீழே உள்ள கரியில் தாராகப் படியும். பூத்த பிறகும் காத்திருந்தால் கரி எரிந்து சாம்பல். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கட்டை கனம்தான் இருக்கலாம். அவசரத்தில் ஒரு கூடையை மொத்தமாகக் கவிழ்ப்பதுதான் முதல் தடவை சுடுபவர் எல்லோரும் செய்யும் தவறு. புகை வந்தால் கம்பியால் கிளறாமல், மேலே நாலைந்து காய்ந்த சுள்ளி போட்டுச் சுடரை எழுப்புங்கள், புகை தானாக எரியும்.

சுமார் 200 கிலோ காய்ந்த விறகு உள்ளே போகும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் தொட்டி நிறையும். கடைசி அடுக்கிலும் சாம்பல் பூத்ததும் உடனே அணையுங்கள். கீழ்க்குழாய் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் ஏற்றுங்கள். இல்லையென்றால் மேலிருந்து வாளி வாளியாக ஊற்றி, கம்பியால் கிண்டிக்கொண்டே மூழ்கடியுங்கள். எழும் நீராவி தோலை உரித்துவிடும், காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரும் ஆலைக்கழிவு கலந்த ஓடைத் தண்ணீரும் ஆகாது. நீர் ஆவியாகிப் போகும், உப்பும் மற்றதும் கரியிலேயே தங்கும்.

மேலே குளிர்ந்திருக்கும் கரியின் நடுவில் கங்கு ஒளிந்திருக்கும். மூட்டையில் கட்டி வைத்து, நடு இரவில் பற்றிக்கொண்ட கொட்டகைகள் உண்டு. அணைத்த கரியைத் திறந்த தரையில், வைக்கோல் போரிலிருந்து தள்ளி, ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு நாள் விடுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்து எங்கும் சூடில்லை என்று உறுதியான பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.

உலர்ந்த பின் 40 முதல் 50 கிலோ கரி தேறும். இரண்டு மாட்டுக்கு இது ஏறக்குறைய பத்து மாதத் தேவை. அதாவது வருடத்துக்கு ஒரு நாள் வேலை.

5. கரி தேறியதா என்று பார்த்தல்

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை முதலில் முடியுங்கள்.

ஒரு துண்டை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, வெறும் தண்ணீரில் கையைக் கழுவுங்கள். கறுப்பு முழுதும் போய்விட்டால் நல்ல கரி. எண்ணெய்ப் பிசுக்கு போல ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் அதில் தார் இருக்கிறது. அடுத்து, பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஒடித்து உள்ளே பாருங்கள். முழுக்கக் கறுத்து மினுங்க வேண்டும். பழுப்பு நிறம், மர நார் தெரிந்தால் குறைகொள்ளி. சிமெண்டுத் தரையில் போட்டால் கண்ணாடிச் சில்லு போல ‘கிணிங்’ என்று கேட்க வேண்டும். முகர்ந்தால் புகை வாசனை வரக் கூடாது. குறைகொள்ளிகளைப் பொறுக்கி அடுத்த தடவை தொட்டியில் போடுங்கள். குவியலில் ஐந்தில் ஒன்று குறைகொள்ளி என்றால் மொத்தத்தையும் எருக்குழிக்கு அனுப்பிவிட்டு மறுபடி சுடுவதே சரி. மாட்டு வயிற்றில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஆய்வகம் தேவையா? இரண்டு மூன்று மாடு, சொந்தச் சிரட்டை, மேற்சொன்ன சோதனை எல்லாம் தேறியது என்றால், ஈரப்பதமும் சாம்பலும் மணலும் மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கணிப்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. முதலில் பேசி, கரி மாதிரி எடுத்துக்கொள்வார்களா, எந்தச் சோதனைக்கு எவ்வளவு கட்டணம், முடிவுக்கு எத்தனை நாள் என்று மூன்றையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பத்து மாட்டுக்கு மேல் இருந்தாலோ, பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலோ, கன உலோகங்களையும் தாரில் உள்ள நச்சுப் பொருட்களான பல்வளைய ஹைட்ரோகார்பன்களையும் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் போக வேண்டியிருக்கும். இதில் ஹைட்ரோகார்பன் சோதனைதான் செலவு பிடிக்கும். உலோகங்களுக்கு அளவுகோலாக, தாவரத் தீவனப் பொருட்களுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கிலோவுக்கு ஈயம் 10 மி.கி., ஆர்சனிக் 2, காட்மியம் 1, பாதரசம் 0.1.

மாதிரியைக் குவியலின் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். பத்து இடத்தில், மேலும் அடியுமாக எடுத்து, கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ. உலர்ந்த புதுப் பாலித்தீன் பையில் கட்டி, எதில் சுட்டது, என்றைக்குச் சுட்டது என்று எழுதி ஒட்டுங்கள். அறிக்கை அந்த ஒரு சூட்டுக்கு மட்டுமே செல்லும். விறகு மாறினால் சோதனையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

6. இடித்துச் சலிப்பது

முதலில் காந்தம். பழைய ஸ்பீக்கரில் உள்ள வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கரியின் மேல் இரண்டு முறை இழுங்கள். விறகோடு வந்த ஆணி, கம்பி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு கம்பித் துண்டு மாட்டின் இரண்டாம் வயிற்றில் குத்தி இதயம் வரை போகக்கூடியது, இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கருவேலங்கரி என்றால் கரியாகாத முள் இருக்கிறதா என்றும் கையுறை போட்டுக்கொண்டு துழாவிப் பாருங்கள்.

கரித்தூசி நுரையீரலுக்குக் கேடு, காற்றில் மிதந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டு, கெட்டிச் சாக்கில் போட்டு, உலக்கையாலோ கட்டையாலோ அடியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாவு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். அடுத்து அரைக்க வருபவரின் மாவு கறுக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரிசிக் குருணை அளவு போதும், கொசுவலை வழியே இறங்கும் நைஸ் தூள் தேவையில்லை. கோழிக்கு ரவை போல இருக்க வேண்டும்.

இடித்ததைப் பாயில் பரப்பி நன்றாக உலர்த்தி, தேதி எழுதி, உள்ளே பாலித்தீன் போட்ட மூட்டையில் கட்டுங்கள். பூச்சிமருந்து, உரம், டீசல் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் ஆவியையெல்லாம் கரி இழுத்துக்கொள்ளும், அது அப்படியே தீவனத் தொட்டிக்கு வரும்.

7. அளவு

தின்னும் மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு. அதற்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை.

350, 400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தின்னும். ஆக, அதிகபட்சம் 100 கிராம் கரி. 250, 300 கிலோ நாட்டு மாட்டுக்கு 60, 70 கிராம். 25, 30 கிலோ ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம். 100 முட்டைக் கோழிகள் தினம் 11 கிலோ தீவனம் தின்றால், அதில் 55 முதல் 110 கிராம்.

இது எல்லாமே உலர் எடை. தண்ணீர் ஊற்றி அணைத்த கரி தன் எடை அளவுக்கு நீரைக் குடித்திருக்கும். ஈரக் கரியை 100 கிராம் நிறுத்தால் உண்மையில் 50 கிராம்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, ஒரு பழைய டம்ளரில் அந்த அளவுக்கு ஆணியால் கோடு கிழித்துவிடுங்கள். வீட்டில் யார் தீவனம் வைத்தாலும் அளவு மாறாது.

முதல் நாளே 100 கிராம் கொடுக்காதீர்கள். முதல் வாரம் 25 கிராம், இரண்டாம் வாரம் 50, மூன்றாம் வாரம் 75, அதன்பின் முழு அளவு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், கன்று ஈன ஒரு மாதமே இருக்கும் சினை மாட்டுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டாம். கன்றுக் கழிச்சலுக்குக் கரி கொடுப்பது வைத்தியக் கணக்கில் வரும், அதை மருத்துவர் சொல்லட்டும்.

8. தொட்டியில் வைக்கும் விதம்

வறண்ட தூளைத் தவிட்டின் மேல் தூவினால் மாடு ஊதித் தள்ளும். மூக்கிலும் ஏறும், தும்மும், மறுநாள் அந்தத் தொட்டிப் பக்கமே வராது. ஊறவைத்த புண்ணாக்குத் தண்ணீரில் கரியைப் போட்டு அரை மணி நேரம் விட்டு, பிறகு தவிட்டோடு பிசைந்து வையுங்கள். கரி புண்ணாக்கின் வாசத்தை ஏற்றுக்கொள்ளும்.

அப்படியும் திரும்பினால் முதல் பத்து நாளுக்கு 30 கிராம் வெல்லத்தைக் கரைத்துச் சேருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மஞ்சிமப் பகுதியில் மாடுகளுக்கு மூன்று பங்கு கரிக்கு ஒரு பங்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கலந்து கொடுத்தார்கள், முழு அளவான 100 கிராம் கரிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய அதே விகிதம்தான் இதுவும். மொலாசஸே வேண்டும் என்று சர்க்கரை ஆலைக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் அது கட்டுப்பாட்டில் உள்ள பொருள், அனுமதிச் சீட்டு அது இது என்று நாள் போகும். அழுக்கு வெல்லமே போதும்.

மாலைப் பால் கறந்த பிறகு கொடுங்கள். கறப்பதற்கு முன் கொடுத்தால் மாட்டின் மூஞ்சியிலிருந்தும் கறப்பவர் கையிலிருந்தும் கரித்துகள் பாலில் விழும். சங்கத்தில் ஒரு கறுப்புத் துணுக்கு தெரிந்தால் கேன் திரும்பி வரும். தாது உப்புக் கலவையைக் காலைத் தீவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கரியோடு ஒரே வேளையில் சேர்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். வெறும் காய்ந்த தட்டையும் கரியும் தின்று தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும்.

9. மருந்து கொடுக்கும் நாட்கள்

வாய்வழி கொடுக்கும் எந்த மருந்தும் கரி வயிற்றில் இருக்கும்போது முழுதாக வேலை செய்யாமல் போகலாம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்துக்கும் இது பொருந்தும், வெற்றிலை, மிளகு, சீரகம் அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியத்துக்கும் பொருந்தும். தசையில் போடும் தடுப்பூசிக்கு, கோமாரி ஊசி உட்பட, இந்தத் தடை கிடையாது.

இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. மூன்று வாரம் கரி, ஒரு வாரம் நிறுத்தம் என்று சுழற்சி வையுங்கள். குடற்புழு நீக்கத்தைக் கரி இல்லாத அந்த வாரத்தின் நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். கரி விடாமல் போனால் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் குறையலாம் என்ற கவலைக்கும் இந்த இடைவெளி நல்லது. அவசரமாக மருந்து கொடுக்க நேர்ந்தால், ‘கரி தின்கிறது, கடைசியாக நேற்று மாலை’ என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

விஷம் தின்ற மாட்டுக்கு இந்தக் கரியை அள்ளி ஊட்டி நேரத்தைக் கடத்தாதீர்கள். இளம் சோளப் பயிரோ வாடிய சோளமோ மேய்ந்து மாடு விழுந்தால், அது சயனைடு நச்சு. கரி அதைக் காப்பாற்றாது. ஊசிதான் காப்பாற்றும், அதுவும் நிமிடக் கணக்கில். 1962-க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். உண்ணிச்செடி தின்றதற்கு மருத்துவர் கரி கொடுப்பதுண்டு, ஆனால் அங்கே கிலோ எடைக்கு இத்தனை கிராம் என்ற பெரிய அளவு, நாம் போடும் டம்ளர் கணக்கு அல்ல. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைக் கரி போட்டுச் சரிக்கட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். பூஞ்சையின் நச்சான அஃப்ளாடாக்சின் பாலுக்கே வந்துவிடும், அந்தப் புண்ணாக்கைத் தூர எறிவது ஒன்றே வழி.

10. எப்போது நிறுத்த வேண்டும்

சாணம் கரும்பச்சையாக, சாம்பல் கலந்த கறுப்பாக மாறும். இது இயல்பு. ஆனால் இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. குடலில் ரத்தம் கசிந்தாலும் சாணம் தார் போலக் கறுக்கும். கரி தின்னும் மாட்டில் அந்த அடையாளம் மறைந்துவிடும். எனவே சாணத்தின் நிறத்தை நம்பாமல் மாட்டைப் பாருங்கள். தீவனம் குறைந்தால், அசை போடுவது நின்றால், சாணம் பிசுபிசுப்பாக நாறினால், அன்றே கரியை நிறுத்துங்கள். மூன்று நாளில் நிறம் தெளியவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

பால் அளவு ஒரு வாரம் தொடர்ந்து இறங்கினாலும் நிறுத்துங்கள். மாடு அன்றாடம் தின்னும் தவிடு, புண்ணாக்கு அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கரி பிடிக்காமல் தீவனத்தையே மிச்சம் வைத்திருக்கும்.

இரண்டு மாடு இருந்தால் முதல் இரண்டு சுழற்சிக்கு ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். எட்டு வாரம் கழித்துப் பால் சீட்டுகளையும் சாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். வித்தியாசமே இல்லையென்றால் கரியை நேரடியாகத் தொழுவத் தரையிலும் எருக்குழியிலும் போடுங்கள், மாட்டு வயிறு வழியாகப் போக வேண்டிய அவசியமில்லை.

11. செலவு

மூன்று வாரம் கரி, ஒரு வாரம் ஓய்வு என்ற சுழற்சியில், இரண்டு மாட்டுக்கு ஒரு சுழற்சிக்கு 4.2 கிலோ. ஒரு தடவை சுட்ட 45 கிலோ பத்துச் சுழற்சிக்கு மேல் வரும். தொட்டிக்கு ஒரு தடவைச் செலவு. அது பல வருடம் உழைக்கும். சுடும் நாளில் இரண்டு ஆளுக்கு அரை நாள், இடிக்க இன்னொரு அரை நாள். வெல்லம் முதல் பத்து நாளுக்கு 600 கிராம். அதற்கு மேலும் தினமும் வெல்லம் போட்டுக்கொண்டே இருந்தால் கரியைவிட வெல்லத்துக்குத்தான் அதிகம் செலவாகும், சீக்கிரம் புண்ணாக்குத் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

விலைக்கு வாங்குவதென்றால் நான்கு கேள்வி கேளுங்கள்: எதில் சுட்டது, எந்தத் தேதிச் சூடு, அந்தச் சூட்டுக்கான ஆய்வறிக்கை எங்கே, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா. மண்ணுக்கு விற்கும் பயோசாரில் நுண்ணுயிர், உரம், சாணக் கரைசல் ஏற்றியிருப்பார்கள். அது தீவனத்துக்கு ஆகாது. அச்சில் அழுத்திச் செய்த பிரிக்கெட் கரியில் ஒட்டுப்பசையும் சில நேரம் களிமண்ணும் இருக்கும், அதுவும் ஆகாது. அறிக்கை இல்லாத கரி என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உபரிக் கரியைத் தீவனம் என்று பெயர் போட்டு விற்கத் தொடங்கினால் அது வேறு பாதை. தீவனத்துக்கான தர விதிகள், ஜி.எஸ்.டி., லேபிள் எல்லாம் வரும். முதல் மூட்டையை விற்பதற்கு முன் மாவட்டக் கால்நடைப் பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எருவுக்கான கரியாகப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தால் இத்தனை சுமை கிடையாது.

12. சாணத்தை வீணாக்காதீர்கள்

தின்ற கரி செரிக்காமல் அப்படியே சாணத்தில் வந்துவிடும், வரும்போது தழைச்சத்தையும் பிடித்துக்கொண்டு வரும். மஞ்சிமப்பில் அந்தச் சாணத்தைச் சாண வண்டுகள் மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தன, வயலில் கரி பரப்பும் வேலையே மிச்சமானது. நம் தொழுவத்தில் அந்த வேலையை எருக்குழிதான் செய்ய வேண்டும். கரி தின்னும் மாட்டின் சாணத்தை வறட்டி தட்டி எரித்துவிடாதீர்கள். மூத்திரம் ஓடும் வாய்க்காலையும் அதே குழிக்குத் திருப்பிவிடுங்கள். குழிக்கு மேல் நிழல் இருக்கட்டும், வாரம் ஒரு முறை தண்ணீர் தெளித்தால் நான்கைந்து மாதத்தில் கைக்கு ஒட்டாத கறுப்பு எரு கிடைக்கும். அதைத் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் முதலில் போடுங்கள்.